அண்ணி கேட்ட பேய்க்கதை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் லண்டனில் செவன் கிங்ஸ் பகுதியில் குடியிருந்தோம். பகலில் எனக்கு ஒரு சலவைக் கடையில் வேலை. சில மாலைகளில் ஆங்கில வகுப்பு. தாதிப் படிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டுமென்றால் ஆங்கிலப் பரீட்சையில் சித்தி பெற்றிருக்க வேண்டும் என்றார்கள். யாழ்ப்பாணத்தில் நான் படித்தது அவர்களுக்குப் போதவில்லை.

எங்களோடு அண்ணியும் இருந்தார். என் அண்ணையின் மனைவி. எண்பதுகளில் ஊரில் நடந்த ஓர் இராணுவச் சுற்றிவளைப்பில் அண்ணையை ஆமி பிடித்துக்கொண்டு போனது. அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. முகாம் முகாமாக அலைந்து களைத்துப்போன அண்ணியை நாங்கள்தான் லண்டனுக்குக் கூப்பிட்டுக்கொண்டோம். அவர் பொட்டு வைப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவுமில்லை. முன்னறையில் தையல் மெஷினைப் போட்டு ஒரு கடைக்குப் பாவாடைகள் தைத்துக் கொடுப்பார். அதிகம் பேசமாட்டார்.

பிள்ளைகள் பேய் வேடமிட்டு வீடு வீடாக இனிப்புக் கேட்டு வரும் ஹாலோவீன் வருகிறதென்று எங்கள் ஆசிரியை வகுப்புக்கு ஒரு பேய்க்கதையைக் கொடுத்தார். கூடவே உளவியல் புத்தகமொன்றில் பயத்தைப் பற்றி இருந்த சில பக்கங்களையும் தந்தார். இரண்டையும் படித்து, மனிதர்கள் ஏன் விரும்பிப் பயப்படுகிறார்கள் என்று ஒரு விமர்சனம் எழுதிவந்து வாசிக்க வேண்டும்.

கதையில், கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருவன் ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் ஈர உடுப்போடு வந்து தன் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். மனைவி விளக்கை அணைத்துவிட்டு மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறாள். கடைசிவரை திறப்பதில்லை. உளவியல் பக்கங்கள் சொன்னது வேறு. ஆபத்து நம்மைத் தொடாது என்று உள்ளூரத் தெரிந்தால் மட்டுமே பயம் சுவைக்கும் என்றன.

ஒரு ஞாயிறு மத்தியானம் அகராதியோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, என்ன படிக்கிறாய் என்று அண்ணி கேட்டார். கதையைத் தமிழில் சொன்னேன். மெஷின் நின்றது.

“அவள் ஏன் திறக்கேல்லை?”

“செத்தவரெல்லோ அண்ணி. பேய்.”

“பேயெண்டாலும் வந்தவர் அவர்தானே” என்றார் அண்ணி. “ஈர உடுப்போட நிக்கிறார். துடைக்க ஒரு துவாயாவது குடுத்திருக்கலாம்.”

அதற்கு மேல் அன்று என்னால் படிக்க முடியவில்லை.

ஹாலோவீன் அன்று, இருட்டத் தொடங்கிய நேரம், மணி அடித்தது. நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்கென்று வாங்கி வைத்த இனிப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அண்ணிதான் போனார். கதவு திறந்த சத்தம் கேட்டது. பிறகு கிண்ணம் விழுந்த சத்தம்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். வாசலில் மூன்று பிள்ளைகள். ஒன்றுக்குச் சூனியக்காரித் தொப்பி, ஒன்றுக்கு முகமெல்லாம் பச்சை மை. மூன்றாவது பிள்ளையின் தலையில் ஒரு பழைய தலையணை உறை, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. இனிப்பு வேண்டுமா என்று அண்ணி கேட்டதற்கு அந்த உறை மேலும் கீழும் ஆடியிருக்கிறது. அண்ணி கதவு நிலையைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். நான் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை. முன் படலைக் கதவடியில் நின்ற தாய் ஓடிவந்து உறையைக் கழற்றினாள். சின்னப் பையன். அழப் பார்த்தான். இனிப்புகளைப் பொறுக்கிக் கொடுத்து அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

ஊரில் சுற்றிவளைப்பு நடந்தால் ஆண்களை வரிசையில் விடுவார்கள். தலையில் சாக்குப் போட்ட ஒருவனை ஆமி கொண்டுவந்து நிறுத்தும். அவன் யாரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறானோ அவரை ஏற்றிக்கொண்டு போவார்கள். தலையாட்டி என்போம். அண்ணையும் அப்படித்தான் போனார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அண்ணி அதைக் கண்ணால் பார்த்தார் என்பது எனக்குத் தெரியாது.

மாடிப்படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தபிறகு, “அண்டைக்குத் தலையாட்டினது ஆரெண்டு எனக்குத் தெரியும்” என்றார் அண்ணி.

பக்கத்து வீட்டுப் பொடியன். சைக்கிள் சங்கிலியில் அகப்பட்டு நசிந்த அவனுடைய கால்விரலுக்கு மருந்து கட்டியதே அண்ணிதான். சாக்குக்குக் கீழே அந்தக் கால் தெரிந்திருக்கிறது. அதற்குச் சில நாள் முன்னர்தான் அவனை ஆமி பிடித்திருந்தது. அடித்த அடியில் கால் முழுக்க வீங்கி, நிற்க ஏலாமல் நின்றானாம். அவனும் பிறகு வீடு திரும்பவில்லை.

“ஒருத்தரிட்டையும் சொல்லேல்லையோ அண்ணி?”

“ஆரிட்டைச் சொல்ல? அவன்ரை தாய் என்னோடைதானே காம்ப் காம்பாத் திரிஞ்சவ. அவவும் மகனைத் தேடி.”

நெடுநேரம் பக்கத்தில் இருந்தேன். இதை வகுப்புக்கு எழுதட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“எழுது. ஒருத்தற்றை பேரும் போடாதை.”

எழுதினேன். அந்த மனைவி கதவைத் திறந்திருக்க வேண்டும் என்று என் அண்ணி சொல்கிறார் என்று தொடங்கினேன். புத்தகம் சொல்லும் பயம், கதவைச் சாத்திவிட்டுத் தூங்கக்கூடியவர்களின் பயம் என்று எழுதினேன். எங்கள் வீட்டில் பேய் வந்தால் உள்ளே கூப்பிட்டிருப்போம். தெரிந்த மனிதனின் காலைப் பார்த்துத்தான் நடுங்கினோம் என்றும் எழுதினேன்.

அடுத்த வகுப்பில், ஆசிரியையின் மேசையில் ஹாலோவீனுக்கு வெட்டிய பூசணிக்காய்க்குள் இன்னும் மெழுகுதிரி எரிந்தது. நான் வாசித்து முடித்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னோடு படித்த, முதியோர் இல்லமொன்றில் வேலை செய்த ஜமேய்க்காப் பெண்ணொருத்தி என் பையை வாங்கிக்கொண்டு பஸ் தரிப்புவரை வந்து, பஸ் வரும்வரை கூட நின்றாள்.

அவர்கள் என்ன சொன்னார்கள் என்று வீட்டில் அண்ணி கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். “நல்லது” என்றார்.

நான் சித்தியடைந்தேன், தாதியானேன். சில வருடங்கள் கழித்து, வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயில் தேருக்குப் போயிருந்தோம். சனத்துக்குள் ஒரு மெலிந்த அம்மா வந்து அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுதார். அந்தப் பொடியனின் தாய். லண்டனில் இருந்த மகள் அவரைப் புதிதாகக் கூப்பிட்டிருந்தாள். மகனைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை, உன்னுடையவரைப் பற்றி ஏதும் தெரிந்ததா என்று கேட்டார்.

நான் அண்ணியின் முகத்தைப் பார்த்தேன்.

“இல்லையக்கா” என்றார் அண்ணி. “எங்கையாவது இருப்பினம்.”

தன் சேலைத் தலைப்பால் அந்த அம்மாவின் முகத்தைத் துடைத்தார். அன்னதான வரிசையில் நின்று சோறு வாங்கிவந்து, பக்கத்தில் இருந்து சாப்பிட வைத்தார்.

திரும்பும் வழியில் டியூப் ரயிலில் அண்ணி சொன்னார்: “அவவுக்குக் கண் சரியாத் தெரியேல்லை. உன்ரை ஆஸ்பத்திரியிலை ஒருக்காக் காட்டுவம்.”

அடுத்த மாதம் கூட்டிக்கொண்டு போனோம்.