டிராக்டருக்கு அம்மா இல்லை

“கடைசியில எதுக்கு அழுகை?” என்று ரஷ்ய மொழியில் கேட்டார், மாஸ்கோவிலிருந்து வந்திருந்த தோழர் சுகோரின். “ஜனங்க சந்தோஷமா வீட்டுக்குப் போக வேண்டாமா?”

அதை நான் ஆர்மீனிய மொழியில் சொன்னேன். எரெவானில் ஒப்புதல் குழுவுக்கு மொழிபெயர்ப்பது என் வேலை.

“போருக்குப் போன பையனே வீட்டுக்கு வரல. பார்க்க வந்தவங்களுக்கு என்ன அவசரம்?” என்றார் வகார்ஷாக். பியானோவை விட்டு அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. ஓபரா மேடையேற வேண்டுமானால், இசையமைத்தவரே குழுவின் முன்னால் எல்லாப் பாத்திரங்களையும் தனியாகப் பாடிக் காட்ட வேண்டும். தளபதி, மணப்பெண், ஊர்ச்சனம் எல்லாரையும் பாடி, தாயின் ஒப்பாரியில் முடித்திருந்தார், புகைபிடித்துக் கரகரத்துப்போன குரலில்.

“கூட்டமா ஒரு வெற்றிப் பாட்டு பாடவச்சு முடிங்க.”

“பிள்ளையோட பிணம்கூடக் கிடைக்காம ஒருத்தி அழறா. நாப்பது பேர் வந்து எதுக்குக் கொண்டாடணும்?”

“உங்க சினிமாப் பாட்டெல்லாம் உற்சாகமாத்தானே இருக்கு?”

“அது டிராக்டருக்குப் போட்டது. டிராக்டருக்கு அம்மா இல்ல.”

நான் வாயைத் திறப்பதற்குள் குழுச் செயலாளர் ஹம்பார்சும் முந்திக்கொண்டார். “மாத்திடறேங்கறார்,” என்று ரஷ்ய மொழியில் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் பல்லைக் கடிக்கிறேன். வகார்ஷாக்குக்கு ரஷ்ய மொழி டீ கேட்கிற அளவுக்குத்தான் தெரியும். வெளியே வந்து நான் சொன்ன பிறகு திரும்பி ஓடினார். அதிகாரியின் கார் போய்விட்டிருந்தது.

லெனினாகான் நகரில் செருப்புத் தைப்பவரின் மகன் வகார்ஷாக். சிறுவயதிலேயே ஊமைப்படங்களுக்குப் பியானோ வாசித்தவர். பிறகு டிராக்டர் ஓடும் அறுவடைப் படம், அணைக்கட்டுப் படம் என்று எதையும் விடவில்லை. ஊரே அவர் மெட்டுகளைச் சீட்டியடித்தது. பெயர் யாருக்கும் தெரியாது. மகன் செத்ராக் கெர்ச் போர்முனையில் காணாமல் போனான். அதற்குப் பிறகுதான் இந்த ஓபராவை எழுதத் தொடங்கினார்.

ஹம்பார்சும் வேறொருவரை வைத்து வெற்றிப் பாட்டை எழுதிச் சேர்த்தார். ஒத்திகையில் தாய் அழுதுகொண்டிருக்கும்போதே கொடிகளோடு நாற்பது பேர் நுழைந்தார்கள். வகார்ஷாக் எழுந்துபோய், இசை நடத்துனரின் முன்னாலிருந்த தாள்களை வாரிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். சினிமா ஸ்டுடியோ அதன்பின் அவரைக் கூப்பிடவில்லை.

“என் பிள்ளை செத்ததுக்கும் இவங்களுக்குக் கைதட்டல் வேணுமாம்,” என்றார் அவர் மனைவி சிரானுஷ்.

அடுத்த வசந்தத்தில் அதே ஓபராவைப் பாடிக் காட்டச் சொல்லிக் குழு மறுபடி கூப்பிட்டது. அதே சுகோரின், அதே ஹம்பார்சும். கதவருகே சிகரெட்டை நசுக்கிவிட்டு வகார்ஷாக் என் கையைப் பிடித்தார்.

“ஷோகிக் கண்ணு, நீ மெதுவாப் பேசற பொண்ணு, தெரியும். இன்னிக்கு மட்டும் அந்த ஹம்பார்சும் வாயத் திறக்கறதுக்கு முன்னாடி நீ திற. ஒரு வார்த்தை குறைக்காத. நான் கத்தினா, நீயும் கத்து.”