கஞ்சாவை விரட்டிய வசவு

கஞ்சாவை விட்டால்தான் படகில் இடம் என்று காயாரோகணத்திடம் அவர் மச்சான் ஜெயபால் கறாராகச் சொல்லிவிட்டார். பூம்புகாரில் அப்போது மீன்பிடித் தடைக்காலம்; சும்மா இருந்த காயாரோகணத்துக்கு அந்தப் புகைதான் துணை. பழக்கத்தை விட உதவி கேட்டு அவர் போன ஆஸ்பத்திரியில், அவர் செல்போனுக்குத் தினமும் குரல்செய்தி அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். ‘ஆசை வந்தால் ஜிம்முக்குப் போங்கள்’ என்றது பதிவுசெய்த பெண் குரலில் வந்த முதல் செய்தி.

“வலை இழுக்குறவனுக்கு எதுக்கும்மா ஜிம்மு?” என்று பதிலுக்குக் கத்தி அனுப்பினார்.

ஆஸ்பத்திரி ஆலோசகர் ஜீவிதாவே பேசி அனுப்பினாள்: “தப்புதாண்ணே. இனிமே ஆசை வந்தா வலையப் பின்னிக்கிட்டே என்னைத் திட்டி அனுப்புங்க.”

யார் பேச்சையும் கேட்காதவர் இதை மட்டும் தவறாமல் கடைப்பிடித்தார். திட்டி முடிப்பதற்குள் ஆசை அடங்கிவிடும். வசவு தீர்ந்துபோன நாளில் கடற்கரை நாய்களைப் பற்றி முறையிட்டார்.

தடை நீங்கியதும், “ஏறுங்க மச்சான்” என்றார் ஜெயபால். படகில் உட்கார்ந்து காயாரோகணம் போனை எடுத்தார். திட்ட ஒன்றும் அகப்படவில்லை.

“போட்டுல ஏறிட்டேன் தாயி. நீ நல்லா இருப்பே.”