முதலில் உயரும் கை

எழுபதுகளில் திருக்கனூர் வியாபாரிகள் சங்கத்துக்கு நான் செயலாளர். எங்கள் எல்லாக் குழுக்களிலும் ஒரு மளிகைக்கடைக்காரர் இருப்பார். அவருடைய சட்டைகள் வலது அக்குளில்தான் முதலில் கிழியும். குழு எதற்கு என்று தலைவர் சொல்லி முடிப்பதற்குள் அந்தக் கை உயர்ந்துவிடும். பஸ் நிறுத்தக் குழு, சாக்கடைக் குழு, பொங்கல் வாழ்த்துக் குழு எல்லாவற்றிலும் அவர் உண்டு. எந்தக் குழுவும் ஒரு வரி அறிக்கை கொடுத்ததில்லை என்பது வேறு விஷயம்.

ஒரு வருஷம் முத்திரைக் குழு போட்டோம். எடைக்கல்லுக்கு அந்த வருஷத்து அரசு முத்திரை வாங்கச் சொல்லிக் கடை கடையாக நினைவூட்டுவது அதன் வேலை. மூன்று வாரம் வெயிலில் அலைந்தார். இன்ஸ்பெக்டர் சோதனைக்கு வந்தபோது, கடைத்தெருவிலேயே ஒரு கடையில்தான் கல்லுக்கு முத்திரை இல்லை. அது அவர் கடை. கல்லையெல்லாம் பறிமுதல் செய்ததில் நான்கு நாள் கடை மூடிக் கிடந்தது.

"இன்னாண்ணே இது?" என்று கேட்டேன்.

"ஊரு பூரா போயி சொன்னேன். என் கடைக்கு யாரும் வந்து சொல்லலியேபா" என்றார்.

சங்கத்தின் மானம் போனதை விசாரிக்க இன்னொரு குழு போட்டோம். அதே கை உயர்ந்தது.

"உங்கள நீங்களே விசாரிப்பீங்களா?"

"என்ன வுட்டா இந்த விஷயம் யாருக்குபா முழுசா தெரியும்?"

சிரித்துக்கொண்டே பெயரை எழுதினேன். பத்தாம் நாள் அறிக்கை வந்துவிட்டது. தவறு முழுக்க மளிகைக்கடைக்காரர் மேல்தான் என்று எழுதி, முதல் கையெழுத்தையும் அவரே போட்டிருந்தார்.

அதை எங்கே வைப்பது என்று விழித்தேன். அறிக்கைக்கென்று எங்கள் சங்கத்தில் ஒரு ஃபைல்கூட இருந்ததில்லை.