மீசைக்காரர் வளர்த்த இறால்

எனக்கு எழுத்து சரியாக வராது, மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். போடிமெட்டுக்கு மேலே நாங்கள் ஏலக்காய் எடுத்த தோட்டத்தில் ஒரு பெரிய மீசைக்காரர் காவலுக்கு இருந்தார். ஓடையில் பிடித்த இறால்களை மிட்டாய் ஜாடியில் வளர்த்தார். ஒருநாள் வெந்த கீரை, ஒருநாள் காய்ந்த கொய்யா இலை, ஒருநாள் துளி மஞ்சள் கரு என்று மாற்றி மாற்றிப் போடுவார்.

“எங்களுக்குத் தினமும் அதே கஞ்சி, உங்க இறாலுக்கு விருந்தாண்ணே?” என்று கேலி செய்தோம்.

“ஒண்ணு வயித்துல முட்டையோட இருக்கு ஆத்தா. புள்ளத்தாச்சிக்கு ஒரே தீனியப் போடலாமா?”

நானும் ஆசையாக ஓர் ஏல இலையைக் கிள்ளிப் போடப்போனேன். பதறிக் கையைத் தட்டிவிட்டார். “மருந்தடிச்ச இலை! அம்புட்டும் செத்துப்போகும்.” எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுவாரம் தோட்டத்துக்குள் ஓடிவந்தார். “குஞ்சு பொரிச்சிருச்சு, வெரசா வா ஆத்தா!” அத்தனை பேரில் என்னை ஏன் முதலில் கூப்பிட்டார் என்று இன்னும் விளங்கவில்லை. முட்டை பொரிக்க ஒரு வாரம் போதுமா என்பதைத் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள்.