தறி முன்னால் வைத்த தட்டு

“மசக்கைன்னு சொன்ன வாயை முதல்ல தண்ணி ஊத்திக் கழுவுட்டீ!” என்று தெருக்குழாயடியில் குடத்தை ணங்கென்று வைத்தாள் ஞானபூரணம். “கல்யாணம் ஆகாத பிள்ளை. நாலு வீடு கேக்க அப்படிச் சொல்லலாமா நீ?”

எதிர்வீட்டு ஜெயசித்ரா லேசில் விடுகிறவள் இல்லை. “தின்னதும் கொல்லைப்பக்கம் போயி வாந்தி எடுக்கா வேல்விழி. புதன்கிழமை ஆனா திருநெல்வேலி பஸ் ஏறுதா. அங்கன எவளோ கண்ணு முன்னால விரலை ஆட்டுதாளாம். வசியம் வச்சிருக்காங்கக்கா. நான் என்ன பொய்யா சொல்லுதேன்?”

“வசியம் வைக்கணும்னா உன் வாய்க்குத்தான் வைக்கணும்.”

வேல்விழிக்கு இப்போது இருபத்துநாலு. வாந்தி தொடங்கியது பதிமூன்றில். பதினோரு வருஷமாகவா ஒரு பெண்ணுக்கு மசக்கை? அதைக்கூட யோசிக்காத தெரு அது.

நடந்தது இதுதான். வேல்விழி வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் நாலு பவர்லூம் தறி. ஒரு மத்தியானம் வேல்விழி அடுக்களையில் நெத்திலிக் குழம்பு ஊற்றி இரண்டாம் தடவை சோறு போட்டுத் தின்றுகொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அவள் அப்பா பிச்சையா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தறியடியில் விழுந்தார். தண்ணீர் கொண்டுபோன அம்மா பார்த்தபோது உயிர் இல்லை. எழவு வீட்டில் அண்ணன் மகாராஜன் எல்லார் முன்னாலும் கத்தினான்: “அப்பா கூப்பிட்டிருப்பாரு. இவ சோத்துல கையை வச்சிக்கிட்டு இருந்திருக்கா. தின்னே கொன்னுட்டா!”

ஒருத்தரும் அவனை அதட்டவில்லை. மாவு அரைத்து விற்கும் ஞானபூரணமும் அங்கேதான் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குத் தானும் அவனை அதட்டாதது அவளை இன்றைக்கும் முள்ளாய்க் குத்துகிறது.

அன்றைக்குப் பிடித்து அந்தப் பிள்ளைக்கு உள்ளே போனது எதுவும் தங்கவில்லை. சில நாள் பட்டினி. சில நாள் பானையோடு வழித்துத் தின்பாள். பிறகு விரலை விட்டு எல்லாவற்றையும் வெளியே எடுப்பாள். கோமதியம்மன் கோயில் புற்றுமண்ணைக் கரைத்துக் கொடுத்தார்கள். அதுவும் சேர்ந்து வெளியே வந்தது. கடைசியில் கண்டுபிடித்தவர் பல் டாக்டர். பல் எல்லாம் அரித்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, “சாப்பிட்டதும் வாந்தி எடுக்கியாம்மா?” என்று கேட்டாராம். பாளையங்கோட்டையில் மனநல சிகிச்சை தரும் ஜாய்ஸின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தவரும் அவர்தான்.

ஜாய்ஸ் எடுத்ததும் விரலை ஆட்டிவிடவில்லை. ரத்தம் பார்த்தார்கள், எந்நேரம் எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள், மனசு படபடத்தால் எப்படி அமர்த்துவது என்று சொல்லித் தந்தார்கள். இரண்டு மாசம் கழித்துத்தான், பழைய அதிர்ச்சியை ஆற்றும் சிகிச்சையாக, விரல்.

“அந்த நாளை நெனைக்கச் சொல்லுவாங்க அக்கா” என்று ஒருநாள் துணைக்குப் போன ஞானபூரணத்திடம் வேல்விழி பஸ்ஸில் சொன்னாள். “நெனைச்சிக்கிட்டே அவங்க விரல் போற பக்கமெல்லாம் கண்ணு மட்டும் போகணும். நடுவுல நிறுத்தி, இப்ப என்ன தோணுதும்பாங்க. முடியலைன்னு நான் கையைத் தூக்கினா அந்த நிமிசமே விட்டுருவாங்க.”

“அதுல என்னட்டீ வருது?”

“அந்தச் சோத்துத் தட்டு முன்னெல்லாம் மூஞ்சிக்கு நேரா வந்து நிக்கும். இப்ப கொஞ்சம் தள்ளிப் போயிருக்கு.”

அந்த வாரம் இரண்டு இட்லி அவள் வயிற்றில் தங்கியது.

ஜெயசித்ராவின் பேச்சு மகாராஜன் காதுக்கு எட்டாமல் இருக்குமா? தறிக்காரன் மூளை தறியிலேயே போய் நின்றது. ஞானபூரணம் மாவுத் தூக்குடன் பின்வாசல் வழியாக வந்தபோது, அப்பா விழுந்த தறி முன்னால் வேல்விழி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் சோற்றுத் தட்டு. மேலே நெத்திலிக் குழம்பு. பக்கத்தில் மகாராஜன் நின்றான்.

“என்னலே செய்யுதே?”

“வைத்தியம் பண்ணுதேன்க்கா. விரலை ஆட்டுததுக்குத் திருநெல்வேலி எதுக்கு? நம்ம தறியில நாடா இங்கிட்டும் அங்கிட்டும் ஓடுதுல்லா? அதைப் பாத்துக்கிட்டே, அப்பாவை நெனைச்சிக்கிட்டே தின்னட்டும். ஒரே நாள்ல தீந்துரும்.”

மெய்யாகவே அப்படி நம்பினான் அந்த மடையன். சுவிட்சைப் போட்டான். நாலு தறியும் ஒன்றாக இடித்தன. நூலை இழுத்துக்கொண்டு, படகு போலிருக்கும் அந்தக் கட்டை நாடா இடமும் வலமும் பறந்தது. வேல்விழி கையைத் தூக்கினாள். அவன் அதைப் பிடித்து இறக்கித் தட்டில் வைத்தான். மறுபடியும் தூக்கினாள். மறுபடியும் இறக்கினான்.

“நிறுத்துலே!” என்று ஞானபூரணம் கத்தினாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் கத்தியிருக்க வேண்டியதையும் சேர்த்துக் கத்தினாள்.

வேல்விழியின் கண் நாடாவை விட்டு, வாசலில் நின்ற ஞானபூரணத்தின் வாய்க்கு வந்தது. அப்படியே நின்றது. அண்ணன் கையை உதறி, தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் மெயின் சுவிட்சை இறக்கினாள். ஷெட் ஊமையானது.

“அக்கா, கத்துனீங்களா?”

“தொண்டை கிழியக் கத்துனேன்ட்டீ.”

“எனக்குக் கேக்கல.” அண்ணன் பக்கம் திரும்பினாள். “வாசல்ல நிக்கவங்க கத்துனதே கேக்கல. அன்னைக்கும் நாலு தறியும் ஓடுச்சு. நான் அடுக்களையில இருந்தேன். ஷெட்டுல நிக்க வேண்டியது யாரு?”

மகாராஜன் அறுந்த நூல் எதையோ தேடுவதுபோல் தறிப்பக்கம் குனிந்தான்.

“நீ டீ குடிக்கப் போயிருந்தே. இத்தனை வருசத்துல அதை ஒரு தடவையாவது நான் கேட்டிருக்கேனா?”

அவள் கையைக் கழுவினாள். பையில் நாலு துணியையும் ஜாய்ஸ் எழுதிக் கொடுத்த சாப்பாட்டுச் சீட்டையும் வைத்தாள். “பாளையங்கோட்டையிலயே ரூம் எடுத்துத் தங்கிக்கிடுதேம்மா” என்றாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “வயசுப்பிள்ளை தனியாப் போய்த் தங்கினா தெரு என்ன சொல்லும் மக்கா?” என்றாள்.

“இதுக்கு மேல என்னம்மா சொல்லணும்?”

“வாசல் தாண்டினா திரும்பி வராதே!” ஷெட்டிலிருந்து வந்த மகாராஜன் குரல், தறி நின்றிருந்ததால் தெரு முழுக்கக் கேட்டது.

எதிர்வாசலுக்கு ஓடிவந்த ஜெயசித்ரா, “எங்கக்கா போறா?” என்று ஆரம்பித்தாள். ஞானபூரணம் தூக்குவாளியைப் படியில் வைத்துவிட்டு வேல்விழியின் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டு ஜெயசித்ராவைத் திரும்பிப் பார்த்தாள். எதிர்வீட்டுக் கதவு மூடிக்கொண்டது.

வேல்விழி குனிந்து, அவசரப்படாமல், செருப்பு வாரைப் பூட்டினாள். கொல்லை வழியாக அல்ல, முன்வாசல் வழியாக, உச்சி வெயிலில் தெருவில் இறங்கினாள்.