மாவுக் குண்டான்களுக்கு நடுவே ஓர் ஊசி

ஜெர்மனியில் என் ஃப்ரிட்ஜ் சத்தமே போடாது. வயதாகிவிட்டதோ என்னவோ, நேற்று திடீரென ஓர் உறுமல் உறுமியது. அவ்வளவுதான், நான் பொம்மிடியில் அக்கா வூட்டு ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

என் குடலுக்குத் தன்மேலேயே கோபம். அழற்சி என்கிறார்கள். ஒரு காலத்தில் சேலத்துக்கு ரயிலேறினால் கழிவறையை ஒட்டிய இருக்கையாகத் தேடுவேன். ஜன்னலில் ஓடும் மலையெல்லாம் மற்றவர்களுக்கு. இப்போது அந்தக் கோபத்தை அடக்கும் பயாலஜிக் ஊசி. பேனா மாதிரி இருக்கும். இரண்டு வாரத்துக்கொருமுறை தொடையில் வைத்து அழுத்தினால் ஒரு 'டிக்'. மலை எனக்குத் திரும்பக் கிடைத்தது. ஆனால் அந்தப் பேனா சூடுபட்டால் வீண். போன விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்புமுன் இங்குள்ள நர்ஸ், அங்கே ஃப்ரிட்ஜ் இருக்கிறதா என்று கேட்டார். தெருவுக்கே இருக்கிறது என்றேன். பெரிய குளிர்பதனக் கிடங்கு என்று நினைத்தாரோ, மெச்சித் தலையாட்டி, உள்ளே வைக்கக் குட்டி வெப்பமானியும் தந்தார்; முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால் ஊசி வீண் என்றார். தெருவின் இட்லி மாவெல்லாம் அக்காவின் ஃப்ரிட்ஜில்தான் என்பதை எந்த ஜெர்மனில் சொல்வது?

கையிலிருந்தது ஒரே ஊசி. மேல்தட்டில் மாவுக் குண்டான்களை நகர்த்தி அக்கா அதற்கு இடம் கொடுத்திருந்தாள். கெட்டால் விடுமுறையின் பாதியிலேயே ஜெர்மனி திரும்பவேண்டும். போடுகிற நாளுக்கு முந்தின நாள், பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. தெரு பதறியது. வந்தவர்களெல்லாம் கதவைத் திறந்து வெப்பமானியைப் பார்த்து, இன்னும் சில்லுன்னுதான் இருக்குது என்று தைரியம் சொல்லிப் போனார்கள். ஒவ்வொரு அக்கறைக்கும் முள் கொஞ்சம் ஏறியது. அதிகம் திறந்தது அக்காதான். தடுக்க எனக்கு வாய் வரவில்லை. இங்கே ஜெர்மனியில் என் ஃப்ரிட்ஜை எட்டிப்பார்க்க யார் இருக்கிறார்கள்?

பக்கத்து வூட்டு ஷமீமாக்கா தையல்காரர். மாவெடுக்க வந்தவர் நிலைமையைப் பார்த்தார். ஸ்டூலைக் கதவோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்து, ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைக்கத் தொடங்கினார்.

"யாராச்சும் தொறந்தீங்க, இந்த ஊசியால குத்திருவன்."

"என் வூட்டு பிரிட்ஜ நானே தொடக்கூடாதா?" என்றாள் அக்கா.

"கூடாதுங்க."

அன்று தெருவில் யாருக்கும் இட்லி இல்லை. சாயங்காலம் ஃப்ரிட்ஜ் உறுமியது. ஷமீமாக்கா எழுந்தார், நான் திறந்தேன். முள் சிவப்புக் கோட்டைத் தொடவில்லை. குளிர்ந்த குண்டான்களெல்லாம் நெருக்கியடித்து ஊசியைப் பாதுகாத்திருந்தன.

மறுநாள் 'டிக்'. விடுமுறை முடிந்து கிளம்பியபோது ஜன்னலோர இருக்கை. வண்டி நகர, அக்கா கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்தாள்.

"மேல்தட்டுல யாரையும் மாவு வைக்க வுடமாட்டன். காலியாவே கெடக்கட்டும். நீ சீக்கிரம் வா."