குத்தா கலாஸ்

சவுதியில், தம்மாமில் ஒரு பிரேம் கடையில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். ஊரில் போர்டு எழுதியவன். நான் விமானம் ஏறிய பிறகு பிறந்த மகளைப் பார்க்க இன்னும் பத்து நாளில் லீவு. கபீல், அதாவது என்னை வேலைக்கு எடுத்த அரபி முதலாளி, கையெழுத்துப் போட்ட லீவுத் தாளைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தேன்.

அந்த வாரம் சென்னைக்கார இன்ஜினியர் ஒருவர், ஊர் திரும்பிய வெள்ளைக்காரரிடம் வாங்கிய பழைய ஆயில் பெயிண்டிங்கை பிரேம் மாற்றக் கொண்டுவந்தார். படமா அது, கசாப்புக் கடை. பின்னங்காலில் கட்டித் தொங்கும் முயல், மூக்கில் ரத்தம் சொட்டுகிறது. கழுத்து திருகிய கௌதாரிகள். பக்கத்திலேயே திராட்சைக் குலை, வெள்ளிக் கிண்ணம். மூலையில் ஒரு நாய் மட்டும் உயிரோடு.

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு அர்த்தம் இருக்குங்க. முயல்னா அடங்கிப்போன ஆசை. தலைகீழாக் கிடக்கிற பறவை, பிரிஞ்சுபோன உயிர். நாய் விசுவாசம்," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பக்கம் முயல் தொங்கினால் குழம்பு என்றுதான் அர்த்தம்.

உயிருள்ளவற்றின் படம் எதுவும் கடையில் இருக்கக் கூடாது என்று கபீல் முன்பே கத்தியிருந்தார். மறுநாள் மதியம் போன் செய்தார். "குத்தா கலாஸ் கரோ, ஜல்தி." நாயை முடி, சீக்கிரம். செத்த நாய் என்றால் பரவாயில்லை போலிருக்கிறது என்று பிரஷ்ஷை எடுத்தேன்.

பன்றி கிழித்துப்போட்ட வேட்டைநாயை நேரில் பார்த்தவன் நான். படத்து நாயின் வயிற்றைப் பிளந்தேன். குடலைத் தரையில் சரியவிட்டேன். கண்ணை வெளுக்கவைத்தேன். என்னத்தை மறைக்க, ரசித்துத்தான் செய்தேன்.

நாய் படத்தின் பிரேம் வேலையைச் சீக்கிரம் முடி என்றுதான் கபீல் சொல்லியிருக்கிறார். இன்ஜினியரோடு உள்ளே வந்தவர் படத்தைப் பார்த்ததும் என்னை அறைந்தார்.

"பெயிண்ட் இன்னும் காயல சார், தொடச்சிரலாம்," என்றேன் இன்ஜினியரிடம். இரண்டாவது அறை விழுந்தது.

"லீவு மாஃபி," என்றார் கபீல். லீவு கிடையாது.

கையிலிருந்த பிரேம் கட்டையால் அவர் முகத்தில் அடித்தேன். மூக்கு உடைந்தது. கீழே விழுந்த பிறகும் அடித்தேன். இன்ஜினியர் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுக்கும்வரை நிறுத்தவில்லை.

ஐந்து மாதம் ஜெயில். அங்கிருந்தே விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். இனி அந்த நாட்டுக்குள் கால் வைக்க முடியாது. லீவு தள்ளிப்போயிருக்கிறது என்று ரூம்காரர்கள் வீட்டில் சொல்லிவைத்திருந்தார்கள்.

ஜெயிலில் மழித்த என் மொட்டைத் தலையைப் பார்த்து மகள் அழுதாள். மனைவி அவளை என் கையில் திணித்துவிட்டு, "எத்தனை நாளு லீவு?" என்று கேட்டாள்.

"ரெண்டு மாசம்," என்றேன்.